ஊசியில் பாதரசம் இருக்கிறதாம்!

அந்த வொய்ஸ் மெசேஜ் திரும்பவும் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறது. பிள்ளை ஊசியில் பாதரசம் கலக்கிறார்களாம், ஓட்டிசம் வருமாம், கிளினிக்குக்குக் கொண்டு போகாதீங்க என்று ஒரு அக்கா அழாத குறையாகச் சொல்கிறார்.

பாதரசமே கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். சில ஊசிகளில் இருக்கிறது. தியோமெர்சல் என்கிற பாதரசம் சேர்ந்த பொருள் அது, ஒரு ஊசிக்கு 25 மைக்ரோகிராம் பாதரசம் வரும், அதாவது ஒரு கிராமை நாற்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்று. அதுவும் எதைல் வகை. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்ற சனத்தை முடமாக்கியது மெதைல் வகை. சாராயத்தில் இருப்பது எதனோல், கசிப்பில் சேர்ந்து கண்ணைப் பறிப்பது மெதனோல், பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் நம்ம ஆட்களுக்கு அது நல்லாவே தெரியும். இங்கேயும் அப்படித்தான். எதைல் பாதரசம் இரத்தத்தில் ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும், மற்றதுக்கு ஒன்றரை மாதம் பிடிக்கும்.

சரி, எதற்குச் சேர்க்கிறார்கள்? ஒரே குப்பியில் பத்துப் பிள்ளைக்கு மருந்து எடுத்தால் அந்த ரப்பர் மூடியில் பத்துத் தடவை ஊசி இறங்கும், ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு வழி. அந்தக் கிருமி வளராமல் தடுக்கத்தான் தியோமெர்சல். 1928இல் அவுஸ்திரேலியாவின் பண்டபேர்க்கில், இப்படி எதுவும் சேர்க்காத தொண்டைக்கரப்பான் ஊசிக் குப்பியில் கிருமி வளர்ந்து 12 பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஆளுக்கொரு குப்பி கொடுத்தால் தியோமெர்சலே தேவையில்லை, உண்மைதான், ஆனால் செலவும் கூடும், குளிர்பெட்டியில் இடமும் பல மடங்கு வேண்டும், மண் சரிந்த ரோட்டில் பொகவந்தலாவைப் பக்கம் அதைக் கொண்டுவருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"அமெரிக்காக்காரனே எடுத்துட்டானே" என்பார்கள். எடுத்தான். 1999இல் முன்னெச்சரிக்கை என்று சொல்லி, 2001க்குள் அநேகமாக எல்லாச் சிறுபிள்ளை ஊசியிலிருந்தும் எடுத்துவிட்டான். டென்மார்க் 1992லேயே நிறுத்திவிட்டது. இரண்டு நாட்டிலும் ஓட்டிசம் குறையவில்லை, பதிவாகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது.

ஓட்டிசம் பயத்தைக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை பேசியதோ சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்குப் போடுகிற எம்எம்ஆர் ஊசியைப் பற்றி. அதில் தியோமெர்சல் ஒருநாளும் இருந்ததில்லை! உயிருள்ள வைரஸ் ஊசி அது, சேர்த்தால் மருந்து வீணாகிவிடும். அதனால்தான் தூளைக் கரைத்த குப்பியை 6 மணித்தியாலத்துக்குள் வீசிவிடுகிறார்கள். அந்தக் கட்டுரையையும் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவச் சஞ்சிகையே 2010இல் வாபஸ் வாங்கிவிட்டது.

ஆனாலும் இந்த மெசேஜ் ஏன் எடுபடுகிறது? அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய் ஒரு கேள்வி கேட்டால், "சொன்னதைச் செய்" என்று அதட்டுகிற இடங்கள் இருக்கின்றன. தமிழில் விளக்க ஆளே இல்லாத கிளினிக்கும் இருக்கிறது. பதில் கிடைக்காதவர் போனைத்தான் நம்புவார், அவரைத் திட்டி என்ன பிரயோசனம்?

இனி அந்த மெசேஜை எனக்கு அனுப்புகிறவர்கள் எந்த ஊசி என்று பெயரையும் போட்டு அனுப்புங்கள். குப்பியோடு வருகிற தாளில் என்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள், அதை வாசித்துவிட்டுச் சண்டை போடலாம்.