யூஷ்னியை அந்த ஒரு வீடியோவை வச்சு முடிவு பண்ணாதீங்க

ரஷ்ய டென்னிஸ் வீரர் மிகைல் யூஷ்னின்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது எதுன்னு டென்னிஸ் பாக்குற எல்லாருக்கும் தெரியும். 2008 மயாமி டோர்னமெண்ட், எதிர்ல ஸ்பெயின்காரர் நிகோலஸ் அல்மாக்ரோ, மூணாவது செட்டுல ஒரு பாயிண்ட் போனதும் மட்டையாலயே தன் தலையில ஓங்கி ஓங்கி அடிச்சுக்குவார், நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் ரத்தம் ஒழுகும். அந்த கிளிப் மறுபடியும் இப்போ சுத்திக்கிட்டு இருக்கு, கீழ நூத்துக்கணக்குல சிரிப்பு எமோஜி, "பைத்தியக்கார ரஷ்யன்"னு கமெண்ட். இருபது வருஷம் புரொஃபஷனலா ஆடின ஒருத்தரோட மொத்த வாழ்க்கையும் இந்த சில செகண்டுக்குள்ள சுருங்கிப் போனதைப் பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல அந்த மேட்ச்சையே எடுத்துக்கலாம். கிளிப்பை போடுறவங்க யாரும் அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு போடுறதில்ல. அல்மாக்ரோ மேட்ச்சை முடிக்கிறதுக்காக சர்வ் பண்ணிக்கிட்டு இருந்த கட்டம் அது. யூஷ்னி ரத்தத்தை துடைச்சுக்கிட்டு, முதலுதவி பண்ணிக்கிட்டு வந்து, அந்த சர்வீஸை பிரேக் பண்ணி, அதாவது எதிராளி சர்வ் பண்ற கேமை ஜெயிச்சு, 6-6 ஆனா வர்ற டை பிரேக் வரைக்கும் இழுத்து, ஜெயிச்சார். ஆமா, ஜெயிச்சார். தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டது சரின்னு நான் சொல்ல வரல, அது தப்புதான், பாக்குற பசங்களுக்கும் நல்லதில்ல. ஆனா தோக்குற நிலைமையில இருந்து திரும்பி வர்றதுதான் அந்த மனுஷனோட கேரியர் பூரா இருக்கு, அதை வெட்டி எறிஞ்சுட்டு ரத்தத்தை மட்டும் காட்டுறது என்ன நியாயம்?

யூஷ்னி யாருன்னு தெரியணும்னா 2002 டேவிஸ் கப் ஃபைனலைத்தான் பாக்கணும். நாடுகள் டீமா மோதுற போட்டி அது, அஞ்சு மேட்ச்சுல மூணு ஜெயிச்சா கோப்பை. பாரிஸ் பெர்சி அரங்கம், உள்ளரங்கத்துல களிமண் தரை போட்டு, பிரான்ஸ் சொந்த ஊர்ல ஆடுது. ரஷ்யா அதுவரைக்கும் டேவிஸ் கப் ஜெயிச்சதே இல்ல, 1994லயும் 1995லயும் ஃபைனல் வரைக்கும் வந்து ரெண்டு தடவையும் மாஸ்கோவிலேயே தோத்த டீம். முதல் நாள் ரஷ்யாவோட சஃபின் ஜெயிச்சார், இன்னொரு ரஷ்யர் காஃபெல்னிகோவ் பிரான்ஸோட குரோஷான்கிட்ட தோத்தார், ரெண்டாவது நாள் டபுள்ஸும் பிரான்ஸுக்குப் போச்சு, கடைசி நாள் சஃபின் மறுபடி ஜெயிச்சு 2-2 ஆக்கிட்டார். மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு மேட்ச். முறைப்படி பாத்தா ஆட வேண்டியவர் காஃபெல்னிகோவ், பிரெஞ்ச் ஓப்பன் ஜெயிச்சவர், ஆஸ்திரேலியன் ஓப்பன் ஜெயிச்சவர், சிட்னி ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினவர், உலக நம்பர் 1 ஆ இருந்தவர். கேப்டன் ஷாமில் தார்பிஷேவ் அவரை உக்கார வச்சுட்டு யூஷ்னிங்கிற இருபது வயசுப் பையனை இறக்கினார். அந்த மூணு நாள்ல அதுவரைக்கும் ஒரு சிங்கிள்ஸ் கூட ஆடாத பையன். அதுவும் அந்த வருஷம்தான் அவன் அப்பா இறந்து போயிருந்தார்.

எதிர்ல பால் ஹென்றி மாத்யூ, அவனுக்கும் இருபது வயசுதான். முதல் ரெண்டு செட் 6-3, 6-2ன்னு மாத்யூ எடுத்துட்டான். அரங்கம் முழுக்க பிரெஞ்சுக் கூட்டம், சத்தம் காதைப் பிளக்குது, இன்னும் ஒரே ஒரு செட் போனா கோப்பை போச்சு. இந்த இடத்துல பெரிய பெரிய ஆளுங்களே ஒடுங்கிப் போயிருப்பாங்க, இவன் மூணாவது செட்டை 6-3ன்னு எடுத்தான், நாலாவதை 7-5ன்னு எடுத்தான், அஞ்சாவதை 6-4. நாலு மணி நேரத்துக்கு மேல ஆடினாங்க. டேவிஸ் கப் ஃபைனலோட கடைசி, முடிவு பண்ற மேட்ச்சுல ரெண்டு செட் பின்தங்கி அப்புறம் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. கேலரியில இருந்த போரிஸ் யெல்ட்சின், ரஷ்யாவோட ஜனாதிபதியா இருந்த மனுஷன், அந்த வயசுல தடுப்பைத் தாண்டி கோர்ட்டுக்குள்ள வந்துட்டார் பையன்களை கட்டிப்பிடிக்க.

மாத்யூவையும் நினைச்சுப் பாக்கணும், பாவம். நல்ல ஆட்டக்காரர், பிற்பாடு ரேங்கிங்ல 12 வரைக்கும் வந்தார், ஆனா அந்த ஞாயித்துக்கிழமை அவரை ரொம்ப வருஷம் விடல.

மேட்ச் ஜெயிச்சா மட்டையை தொப்பி மாதிரி தலை மேல வச்சுக்கிட்டு நாலு பக்கமும் கூட்டத்துக்கு சல்யூட் அடிப்பார் பாருங்க, அதையும் வெறும் ஸ்டைல்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அவர் அப்பா சோவியத் ராணுவத்துல இருந்தவர். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த சல்யூட்டைப் பாருங்க, வேற மாதிரி தெரியும். ரசிகர்கள் அவரை கர்னல்னு கூப்பிட்டதும் இந்த சல்யூட்டாலதான்.

ஆட்டத்தைப் பத்தி சொல்லணும்னா எனக்கு அந்த பேக்ஹேண்டுதான், அதாவது புறங்கை முன்னால வர்ற மாதிரி அடிக்கிற அடி. ஒத்தக்கை பேக்ஹேண்டுதான், ஆனா பந்து வரும்போது ரெண்டு கையும் கைப்பிடியிலயே இருக்கும், ரெண்டு கையால அடிக்கப் போறாருன்னே தோணும், கடைசி நொடியில இடது கை விலகும், வலது கை மட்டும் வீசிப் போகும். மத்தவங்க ஒத்தக்கை பேக்ஹேண்ட்ல இடது கை மட்டையோட கழுத்துப் பக்கம் பிடிச்சிருக்கும், இவருக்கு அப்படி இல்ல. அதனால எந்தப் பக்கம் அடிக்கப் போறாருன்னு எதிராளிக்குப் படிக்கவே கஷ்டம், லைனை ஒட்டி ஒண்ணு போகும், அடுத்தது அதே மாதிரி வந்து குறுக்கால போகும். ஃபெடரரோடதையும் வாவ்ரிங்காவோடதையும் பத்தி பக்கம் பக்கமா எழுதுறாங்க, எழுதட்டும், ஆனா இவரோடதுக்கு ரெண்டு வரி கூட கிடையாதுங்கிறதுதான் எனக்கு ஆதங்கம்.

சென்னைக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும். 2008 ஜனவரி சென்னை ஓப்பன் ஃபைனல், நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், யூஷ்னி 6-0, 6-1ன்னு நடாலை அடிச்சார். இதைப் பத்தி இன்னைக்கும் பேசுறவங்க "நடால் களைச்சுப் போயிருந்தார்"னுதான் ஆரம்பிப்பாங்க. நெஜம்தான், முந்தின நாள் செமி ஃபைனல்ல மோயாவோட நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆடி, மூணு செட்டும் டை பிரேக் போய் ஜெயிச்சிருந்தார் நடால். யூஷ்னியே இதை மறைக்கல, நடாலால அன்னைக்கு ஓட முடியலன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். ஆனா களைச்சவரா இருந்தாலும் அது நடால், கொஞ்சம் விட்டா எந்திரிச்சு நின்னுடுவார், ஒரே ஒரு கேம் தவிர எதையும் விட்டுக் குடுக்காம முடிக்கிறது லேசு இல்ல. அதோட இவர் நடாலை அடிச்சது அது ஒண்ணு மட்டும் கிடையாது. 2006 யூ.எஸ். ஓப்பன் காலிறுதியில சீட் (டோர்னமெண்ட்ல முன்னணி ஆளுங்களுக்குக் குடுக்கிற வரிசை நம்பர்) கூட இல்லாம வந்து நாலு செட்ல அடிச்சார், 2007 துபாய்ல அடிச்சார். அங்கெல்லாம் யாரும் களைச்சுப் போகல. (இப்போ அந்த டோர்னமெண்ட்டே சென்னையில இல்ல, 2018ல புனேவுக்குப் போயிடுச்சு, அந்த வருத்தம் தனியா எழுத வேண்டியது.)

சென்னையை முடிச்சுட்டு நேரா ஆஸ்திரேலியா போய் தன் நாட்டுக்காரர் டேவிடென்கோவை நாலாவது ரவுண்டுல அடிச்சு காலிறுதி வந்தார், அந்த மாசக் கடைசியில ரேங்கிங் 8. அதுதான் அவரோட உச்சம். கேரியர்ல மொத்தம் 10 சிங்கிள்ஸ் பட்டம், டேவிஸ் கப் ரெண்டு தடவை, 2006ல ஜெயிச்ச டீம்லயும் இருந்தார். யூ.எஸ். ஓப்பன்ல ரெண்டு தடவை செமி ஃபைனல், 2006லயும் 2010லயும். டென்னிஸோட பெரிய நாலு டோர்னமெண்ட்டான கிராண்ட் ஸ்லாம் எல்லாத்துலயும் காலிறுதி. இதை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஹார்ட் கோர்ட், களிமண், புல்லுன்னு எல்லாத்துலயும் கடைசி எட்டு பேர்ல ஒருத்தரா வந்தவர், அதுவும் ஃபெடரர் நடால் ஜோகோவிச் மர்ரி எல்லாரும் இருந்த காலத்துல. "ஸ்லாம் ஜெயிக்கல, அதனால சாதாரண பிளேயர்"னு சொல்றவங்க கிட்ட எனக்கு பேசவே பிடிக்கல.

ஃபெடரர் கணக்கையும் தூக்கிட்டு வருவாங்கன்னு தெரியும். 17 மேட்ச், 17 தோல்வி. ஒண்ணு கூட ஜெயிக்கல. 2012 விம்பிள்டன் காலிறுதியில 6-1, 6-2, 6-2ன்னு தோத்துக்கிட்டு இருக்கும்போது முக்கிய விருந்தாளிங்க உக்கார்ற ராயல் பாக்ஸ்ல இருந்த முன்னாள் சாம்பியன் ஆண்ட்ரே அகாசியைப் பாத்து, என்ன பண்றது சொல்லுங்கன்னு கையை விரிச்சுக் கேட்டார், அரங்கமே சிரிச்சுது. எனக்கு அதுல தெரியிறது ஒரு பெரிய மனசு. மயாமியில தலையில அடிச்சுக்கிட்ட அதே ஆள்தான், நாலு வருஷத்துல தன்னோட கோவத்தை எங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கார் பாருங்க. 17 தடவை தோத்தார்னா 17 தடவை ஃபெடரரை எதிர்த்து ஆடுற அளவுக்கு டோர்னமெண்ட்ல நின்னார்னும் அர்த்தம், அதுல சிலது ஃபைனல்.

இன்னொரு விஷயம், ஆடிக்கிட்டே படிச்சவர். பிலாசபியில ஆய்வுப் பட்டம் வாங்கியிருக்கார், தீசிஸே டென்னிஸ் பிளேயர்களைப் பத்தினதுதான். சின்ன வயசுல இருந்து ரிடையர் ஆகுற வரைக்கும் ஒரே கோச், போரிஸ் சோப்கின். ரெண்டு மேட்ச் தோத்தா கோச்சை மாத்துற இந்தக் காலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்! 31 வயசுல, 2013ல, முதல்ல ஸ்விட்சர்லாந்து ஸ்டாட்ல பட்டம், அப்புறம் வாலென்சியாவுல ஃபெர்ரரை அவர் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னாடியே அடிச்சு பட்டம், நடுவுல யூ.எஸ். ஓப்பன்ல ஹியூவிட்டை அஞ்சு செட்ல. உடம்பு இறங்கத் தொடங்குற வயசுல இதெல்லாம்.

2018 செப்டம்பர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் கடைசின்னு முன்னாடியே சொல்லிட்டார். முதல் ரவுண்டு ஜெயிச்சார், அது கேரியர்ல 499வது வெற்றி. அடுத்த ரவுண்டுல பவுட்டிஸ்டா அகுட் கிட்ட தோத்தார். அவ்வளவுதான், நிறுத்திட்டார். அடுத்த மாசமே மாஸ்கோவில கிரெம்ளின் கப் இருந்தது, 2009ல அவரே ஜெயிச்ச டோர்னமெண்ட், ஒரு வைல்ட் கார்ட் (ரேங்கிங் பாக்காம குடுக்கிற நேரடி இடம்) கேட்டிருந்தா யாரும் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டாங்க, ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சா 500. கேக்கல. எனக்கு இந்த மனுஷன் மேல இருக்கிற மரியாதைக்கு பாதி காரணம் இதுதான். சொன்ன இடத்துல நிறுத்தினார், ஒரு ரவுண்ட் நம்பருக்காக இழுத்துக்கிட்டு அலையல.

அடுத்த வருஷம் கனடா பையன் ஷபோவலோவுக்கு கோச்சா போனார். அந்தப் பையனும் ஒத்தக்கை பேக்ஹேண்ட்காரன், எக்கச்சக்க திறமை, ஆனா கோர்ட்ல கோவம் தலைக்கேறிடும். யூஷ்னி கூட சேர்ந்து ரெண்டு மாசம் போல, 2019 ஸ்டாக்ஹோம்ல ஏடிபிங்கிற ஆண்கள் புரொஃபஷனல் டூர்ல முதல் பட்டம் ஜெயிச்சான்.