ஒத்திவைத்தார்களாம்!

“பராமரிப்பு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.” குடியிருப்போர் சங்க அறிக்கைகளில் இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஒத்திவைக்க இது என்ன கல்யாணமா? கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் மாப்பிள்ளைக்குத் துருப்பிடிப்பதில்லை.

மொட்டைமாடியில் நீர்க்காப்புப் பூச்சு போன நாளிலிருந்து தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பூச்சோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் தூணுக்கு முட்டுக்கொடுப்பதில் வந்து நிற்கிறது. அதுவரை வரவுசெலவுக் கணக்கில் அதற்குப் பெயர் ‘சேமிப்பு’! கடன் என்று எழுதினால் யாராவது திடுக்கிட்டாவது பார்ப்பார்கள்.

‘லேசான கசிவு’, ‘சின்ன விரிசல்’, அப்புறம் ஒருநாள் ‘பழுதடைந்துவிட்டது’. தானாகவே அடைந்ததாம். ‘நாங்கள் பழுதுபார்க்கவில்லை’ என்று எந்தச் சங்கமாவது எழுதியதுண்டா?

அமெரிக்காவின் சர்ஃப்சைடில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். நீர்க்காப்பு கெட்டு, கான்கிரீட் பெரிதும் சிதைந்திருப்பதை 2018 அக்டோபரில் ஒரு பொறியாளர் எழுதியே கொடுத்தார். அடுத்த மாதம் நகர அதிகாரி ஒருவர், கட்டடம் மிக நல்ல நிலையில் இருப்பதாகக் குடியிருப்போரிடம் சொன்னார் என்று கூட்டக் குறிப்பு சொல்கிறது. 2021 ஜூன் 24 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

இனி ‘ஒத்திவைப்பு’ என்று எழுத வருகிறவர், எந்தத் தேதிவரை, யார் முடிவின்படி என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். கையெழுத்தோடு.