தாய்மாரின் இரத்தத்தை இப்போதே எடுத்து வையுங்கள்

சென்ற மாதம் பெரியம்மாவின் 31ஆம் நாள் அமுதுக்காக (இறந்தவருக்குப் படைக்கும் சடங்கு), மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போயிருந்தேன். அவருடைய ஒரே மகன், நான் அண்ணன் என்று அழைத்தவர், 1998இல் வன்னியில், இராணுவத்தின் ஜெயசிக்குறு படைநடவடிக்கைக்கு எதிரான சமரில் வீரச்சாவடைந்தார் என்று விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வீட்டுக்கு வந்து அறிவித்தார்கள்; உடல் வரவில்லை. உடலைக் காணாத பிள்ளைக்குக் கிரியை செய்யமாட்டேன் என்ற பெரியம்மா, 79 வயதில் கண்மூடும்வரை அந்தச் சொல்லை மாற்றவில்லை. பெரியப்பா சுனாமிக்கு முன்பே போய்விட்டார். மகனின் எலும்பு என்றாவது கிடைத்தால் மரபணுவை ஒப்பிட, இந்த இருவரிடமிருந்தும் ஒரு துளி இரத்தத்தைக்கூட எவரும் எடுத்து வைக்கவில்லை என்ற ஆற்றாமையே என்னை இதை எழுதவைக்கிறது.

மண்ணிலிருந்து எடுக்கப்படும் எலும்பு யாருடையது என்று சொல்ல அந்த எலும்பு மட்டும் போதாது. பல்லிலிருந்தோ தொடையெலும்பிலிருந்தோ பிரித்தெடுக்கும் மரபணுவை ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். அவற்றுள் மிக வலுவானது பெற்றோருடையது. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) மரபணு ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், பல்லாண்டு மண்ணுள் கிடந்த எலும்பிலும் எஞ்சியிருக்கும். தாய்வழியே குடி எண்ணும் மட்டக்களப்பாருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. என் அம்மாவிடமும் என்னிடமும் அண்ணனுக்கு இருந்த அதே இழைமணி மரபணுதான் இருக்கிறது. ஆனால் ஒரே வயிற்றுவாரில், அதாவது ஒரே தாய்வழியில், பிறந்த எத்தனையோ பேரிடமும் அதுவே இருக்கும். ஓர் ஊரிலிருந்தே பல பிள்ளைகள் போன போரில், அது வயிற்றுவாரைச் சொல்லுமே தவிர இன்னாருடைய மகன் என்று சொல்லாது. இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் மற்ற மரபணுவைக் கொண்டு அதை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் தாயும் தகப்பனும்தான்.

2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. பெண் போராளிகளின் உடைகளும் இலக்கத் தகடுகளும் அங்கே கிடைத்தன. நாடுகளுக்கிடையிலான போர்களுக்கென 1949இல் எழுதப்பட்ட முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, படையினர் அணியும் இரட்டை அடையாளத் தகட்டின் ஒரு பாதி இறந்தவரின் உடலோடு இருக்க வேண்டும் என்கிறது. ஆயினும் தகட்டிலுள்ள இலக்கத்துக்குரிய பெயரைச் சொல்லும் பதிவேடு கையில் இல்லாவிட்டால், அந்தத் தகடு இருந்தும் பயனில்லை. அந்த 52 பேரில் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து வன்னிக்குப் போன பிள்ளைகளும் இருக்கலாம் என்று நினைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

காலம் கடந்துவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1941இல் பேர்ள் துறைமுகத்தில் ஒக்லஹோமா என்ற போர்க்கப்பல் கவிழ்ந்து 429 பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய 390 பேர் பெயர் தெரியாதவர்களாக ஹவாயில் புதைக்கப்பட்டனர். 2015இல் அந்தக் குழிகளைத் திறந்த அமெரிக்கர்கள், 2021இற்குள் 350இற்கு மேற்பட்டோருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். உறவினரின் மாதிரிகள் திரட்டப்பட்டிருந்ததால்தான் அது இயன்றது. நமக்கும் இந்த அறிவியல் புதிதல்ல. சுனாமிக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கக் குழந்தையாக இருந்த சிசுவின் பெற்றோர் யார் என்பதை 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைதான் உறுதிசெய்தது. உயிரோடிருந்த ஒரு குழந்தைக்குச் செய்ததை இறந்த பிள்ளைகளுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்தச் சீருடை அணிந்தவருடைய தாய் என்று பார்த்து இதைச் செய்யக்கூடாது. 1990 ஜூனில் எங்கள் மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் கொல்லப்பட்ட, திருக்கோவிலுக்கு அப்பாலுள்ள ரூபஸ்குளக் காட்டின் பெயரைக் கேட்டால் இன்றும் கலங்கும் குடும்பங்கள் உண்டு. படையினரில் மட்டும் 5,000இற்கு மேற்பட்டோர் காணாமற்போனோராகவே பதிவாகியிருக்கிறார்கள். 1998 கிளிநொச்சிச் சமரில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, அத்தகைய பெற்றோரைத் திரட்டி வன்னிக்கே போய்க் கேட்டவர். அவருடைய கேள்விக்கும் என் பெரியம்மாவின் கேள்விக்கும் நான் எந்த வேறுபாட்டையும் காணவில்லை.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடும் அம்மாக்களுக்கு இதில் ஓர் அச்சம் இருக்கிறது. இரத்தம் கொடுத்தால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும், கோப்பை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். கண்முன்னே படையினரிடம் கையளித்த பிள்ளையைத் தேடும் தாயிடம் அந்த அச்சம் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே மாதிரி கொடுப்பது மரணச் சான்றிதழை ஏற்பதாகாது என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தனியே அவற்றை வைத்திருக்காமல், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு போன்ற நடுநிலையாளரின் மேற்பார்வையும் இருக்க வேண்டும். வாகரையிலும் பொத்துவிலிலும் இருக்கும் முதியவர்களைக் கொழும்புக்கு அலைக்கழிக்காமல், அவர்களின் வீட்டுத் திண்ணைக்கே வந்து எடுக்க வேண்டும். எலும்புகள் அடையாளம் காணப்பட்டால், எங்கே அடக்குவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். தரவை, மாவடிமுன்மாரி, தாண்டியடி, கஞ்சிகுடிச்சாறு ஆகிய மாவீரர் துயிலுமில்லங்களில் கல்லறைகள் இடிக்கப்பட்ட பின்னும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் விளக்கேற்றப் போகிறவர்கள், பிள்ளையை அங்கேயே விதைக்க (அடக்கம் செய்ய) விரும்பினால் அதைத் தடுக்கக்கூடாது.

பெரியம்மாவை நாங்கள் எரிக்கவில்லை, புதைத்தோம். அமுது முடிந்த மறுநாள் மயானத்துக்குப் போய், அவருடைய பெயரும் பிறந்த திகதியும் பொறித்த கல்லைத் தலைமாட்டில் நட்டேன். அண்ணனின் இயற்பெயர், இயக்கப் பெயர், பிறந்த ஆண்டு, சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்து முறிந்த இடது முன்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தாயின் குழி எந்த வரிசையில் எத்தனையாவது என்பதையும் அதில் குறித்து, அம்மாவின் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன்.