பழைய டிரான்ஸ் தடங்களைச் சுருக்க வேண்டாம்

இன்றைய நடன கிளப்களில் ஆடும் கூட்டத்துக்குப் பொறுமை குறைவு என்பதால் டிரான்ஸ் எனும் மின்னணு நடன இசையின் பழைய தடங்களை மூன்று நிமிடமாகச் சுருக்கி இசைக்கலாம் என்னும் கட்டுரையாளர் ஒருவரின் யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. 1990-களில் ஜெர்மனியில் செழித்த இவ்விசையில் ஒரு தடம் ஏழெட்டு நிமிடம் நீள்வது காரணமின்றி அன்று. தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகள், அடுத்த தடத்தோடு நிதானமாக இணைப்பதற்கென்றே விடப்பட்டவை. நடுவில் தாளத்தைத் தாங்கும் கனத்த கிக் டிரம் முற்றிலும் அடங்கி, மெட்டு தனித்து ஒலித்து, ஸ்னேர் எனும் கூரிய ஒலி கொண்ட டிரம்மின் அடிகள் மெல்ல நெருங்கி வரும்போதுதான் கூட்டம் கைகளை உயர்த்திக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைப் பறித்துவிட்டால், மீண்டும் தாளம் விழும் கணத்துக்கு என்ன மதிப்பு? புகழ்பெற்ற தடங்களையே வரிசையாக அடுக்காமல், 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 தாள அடிகள்) அளவில் தொடங்கிப் படிப்படியாக 138-ஐ எட்டுவதே ஆடுவோரைக் கடைசிவரை களத்தில் நிறுத்தும் என்பது என் உறுதியான கருத்து.