சிவப்பு வைனை ஐஸ்பெட்டியில் வைங்க, யார் திட்டினாலும் பரவாயில்லை

போன தீபாவளிக்கு பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். மேசையில் முறுக்கு, நெய் உருண்டை, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பக்கத்தில் ஒரு காபர்னே சிவப்பு வைன் பாட்டில். காலையிலிருந்து அங்கேயே நின்று, தொட்டால் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஊற்றினார்கள், ஒரு வாய் குடித்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் செவன் அப் ஊற்றி ஐஸ் போட்டுக்கொண்டார்கள். "வைன்னா கசக்கத்தான் செய்யும், ஆனா இருதயத்துக்கு நல்லது" என்றார் பெரியப்பா. இருதயத்தை விடுங்கள், மருந்துக்காக யாரும் மூன்றாவது கிளாஸ் ஊற்றுவதில்லை. எனக்கு அன்றைக்கே வாய் அரித்தது. ஆனால் பண்டிகை வீட்டில் பாடம் நடத்தினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்பதால் முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அதை இங்கே கொட்டுகிறேன்.

அவர்கள் கசப்பு என்று சொன்னது கசப்பே இல்லை, துவர்ப்பு. வெள்ளைக்காரன் அதைத் தருகிற பொருளுக்கு டானின் என்று பேர் வைத்து, நாக்கு காய்கிறது, ஈறு இழுக்கிறது என்று பக்கம் பக்கமாக விளக்குகிறான். நமக்கோ அறுசுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, நெல்லிக்காய், ரொம்ப நேரம் ஊறிப்போன தே ஓ (பால் கலக்காத டீ), எல்லாம் அந்த இனம்தான். காபர்னே திராட்சைக்குத் தோல் தடிப்பு, அதனால் துவர்ப்பும் அதிகம். அதை மிளகாய் தூக்கலான பிரட்டலோடு, அதுவும் சூடாகக் குடித்தால் வாய்க்குள் அடிதடிதான் நடக்கும். கிரனாஷ் என்று இன்னொரு திராட்சை, அதற்குத் தோல் மெல்லிசு. துவர்ப்பு குறைவு, பழம் அதிகம்.  நாற்பது நிமிஷம் ஐஸ்பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) வைத்துத் திறந்தால் நம் சாப்பாட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

கட்சி என்றால் நிரூபிக்க வேண்டுமே. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை குளுகோரில் எங்கள் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்தோம். நான், மனைவி, மச்சான், சித்தி, பட்டர்வொர்த்திலிருந்து என் கூட வேலை செய்யும் நண்பர், அவர் மனைவி. ஆறு பாட்டில், ஒவ்வொன்றும் 80 வெள்ளிக்குள் (ரிங்கிட்), எல்லாம் கிரனாஷ் அல்லது கிரனாஷ் பெரும்பங்கு உள்ளவை. மொத்தச் செலவைப் பிரித்தால் தலைக்கு 71 வெள்ளி வந்தது. மனைவி பாட்டில்களைப் பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, மார்க்கரால் எண் எழுதிவிட்டாள். எது எது என்று அவளுக்குத் தெரியும் என்பதால் அவள் மார்க்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு சண்டை. மேசைக்கு வந்தபோது பாட்டில் ஏழு இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

யாரும் வண்டி ஓட்டவில்லை. 2020-ல் சட்டத்தைத் திருத்தி ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டார்கள், அபராதமும் சிறையும் முன்னைவிடக் கடுமை. நண்பர் ஃபெரியில் வந்து கிராப் டாக்சி பிடித்தார், சித்தி அன்று இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

மார்க் போடுவது பற்றி ஒரு வார்த்தை. கடையில் பாட்டில் கழுத்தில் 91, 93 என்று ஸ்டிக்கர் தொங்கும். அமெரிக்காவில் ராபர்ட் பார்க்கர் என்ற விமர்சகர் பரப்பிவிட்ட 100 புள்ளிக் கணக்கு அது. அதில் 50-லிருந்துதான் எண்ணவே ஆரம்பிப்பார்கள், அதாவது பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தாலே பாதி மார்க். பள்ளி முடிக்கிற எஸ்பிஎம் பரீட்சையில் இப்படிக் கொடுத்திருந்தால் நான் டாக்டராகி இருப்பேன். அதனால் நாங்கள் பத்துக்குத்தான் போட்டோம், ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு தடவை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கோழி வறுவலும் சோறும் தட்டில் விழுந்த பிறகு ஒன்று.

முதலில் நாலாம் எண். மூக்குக்குக் கொண்டுபோனதுமே ஸ்ட்ராபெரி ஜாமும் உலர்ந்த திராட்சையும் ஒரு துளி வெள்ளை மிளகும். நிறைவாக, வழுவழுவென்று இறங்கியது. ஐந்து பேரும் தலையாட்டினோம், சராசரி 8. இதுதான் ஜெயிக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். சாப்பாடு வந்தது. பிரட்டல் ஒரு வாய், வைன் ஒரு வாய். மச்சான் கண்ணில் தண்ணீர். பேப்பரை அவிழ்த்துப் பார்த்தால் கலதாயுத், ஸ்பெயினில் அரகோன் பக்கம், கிழட்டுக் கொடிகளின் கர்னாச்சா (அந்த ஊரில் கிரனாஷுக்கு அதுதான் பேர், இந்தத் திராட்சை பிறந்ததே அந்தப் பக்கம்தான் என்கிறார்கள்), 66 வெள்ளி, ஆல்கஹால் 15 விழுக்காடு. கிரனாஷ் தாமதமாகப் பழுக்கும், சர்க்கரையை ஏற்றிக்கொண்டே போகும், அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. மிளகாய் எரிச்சலுக்கு மேல் அந்த 15 விழுக்காடு எண்ணெய் ஊற்றிய மாதிரி. இரண்டாவது மார்க் 5. நான் மேலே ஜம்பமாகச் சொன்ன கட்சிக்கு முதல் அடி இதுதான். கிரனாஷ் என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, பின் லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். 14-க்கு மேல் போனால் சாப்பாடு இல்லாமல், மழை பெய்கிற ராத்திரியில் தனியாகக் குடிக்கிற சரக்கு.

இதில் வரி வேறு இருக்கிறது. 2016 மார்ச்சிலிருந்து இங்கே கலால் வரியை உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 12.5 விழுக்காடு பாட்டிலில் 94 மில்லி ஆல்கஹால் என்றால் 15 விழுக்காட்டில் 112 மில்லிக்கு மேல். அதே அளவு பாட்டிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வரி. 2025 நவம்பரில் அதிலும் 10 விழுக்காடு ஏற்றிவிட்டார்கள். சும்மாவா வரியில்லாத லங்காவித் தீவுக்குப் போகிறவனிடம் எல்லாரும் "ஒரு பாட்டில் வாங்கி வா" என்கிறார்கள்.

இரண்டாம் எண்ணுக்கு முதல் சுற்றில் யாரும் பெரிய மரியாதை கொடுக்கவில்லை. 6. பழம் இருந்தது, ஆனால் அடக்கமாக. சித்திதான் கிளாஸை இரண்டு மூன்று முறை முகர்ந்து பார்த்துவிட்டு "டேய், இதுல ஓமத்தண்ணி வாசம் வருதுடா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், மச்சான் "சித்திக்குப் பிள்ளை பெத்த வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்று கிண்டல் வேறு. பேப்பரை அவிழ்த்தால் பிரான்சின் கோட் டு ரோன், 69 வெள்ளி, 13.5 விழுக்காடு. தெற்கு ரோன் கரையில் கரீக் என்று ஒரு புதர்க்காடு இருக்கிறது, தைம், ரோஸ்மேரி எல்லாம் வெயிலில் காய்ந்து மணக்கும், அந்த வாசனை வைனில் வருகிறது என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். தைம் இலைக்கு வாசனை கொடுப்பது தைமால், நம் ஓமத்துக்கு வாசனை கொடுப்பதும் அதே தைமால்தான். வைன் புத்தகம் ஒன்றையும் புரட்டாத சித்தி மூக்காலேயே அதைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் பிளாக்பெரி, காசிஸ் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். நாவற்பழம், ஜாதிக்காய், அசாம் பொய் (உப்புப் போட்டு உலர்த்திய பிளம்), ஓமம் என்று சொன்னால் நம் வீட்டில் எல்லாருக்கும் புரிகிறது.

சாப்பாட்டோடு அதே இரண்டாம் எண்ணுக்கு 8.5. கூட சிரா, மூர்வெத்ர் என்ற திராட்சைகளும் கொஞ்சம் கலந்திருப்பதால் ஒரு முதுகெலும்பு இருந்தது, ஆனால் துவர்ப்பு பிரட்டலோடு மோதவில்லை, மசாலாவுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தது. அதே ரோன் பக்கத்தில்தான் ஷாதனெஃப் டு பாப் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞோனில் இருந்தபோது கோடைக்கு வந்த இடம், அதனால் 'போப்பின் புதுக்கோட்டை' என்று அந்தப் பேர். உருண்டைக் கற்கள் கிடக்கும் மண், பகல் சூட்டை இரவுக்கும் வைத்திருக்கும். அதுவும் பெரும்பாலும் இதே கிரனாஷ்தான், ஆனால் இங்கே 200 வெள்ளிக்குக் கீழே நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரனே நமக்குப் போதும்.

மூன்றாம் எண் ஒரு சோகக் கதை. கோட் டு ரோன் வில்லாஜ், 78 வெள்ளி, காகிதப்படி பார்த்தால் இரண்டாம் எண்ணைவிட ஒரு படி மேல். ஊற்றியதும் ஓரம் செங்கல் நிறத்தில் பழுப்பேறி இருந்தது, வாசனை வேகவைத்த பேரீச்சம்பழம். கார்க்கைப் பார்த்தால் மேலே லேசாகத் துருத்திக்கொண்டு, பக்கத்தில் பிசுபிசுப்பு. வெந்துபோன வைன். வாங்கிய கடையில் வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேர் கீழே நிற்க வைத்திருந்தார்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சூட்டில் வைன் விரிந்து கார்க்கைத் தள்ளும், கிரனாஷோ ஏற்கெனவே காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடிப்போகிற ஜாதி. கொண்டுபோய்க் காட்டினால் "வைன்னா இப்படித்தான் பாஸ்" என்று பதில். கடைப் பேர் சொல்ல மாட்டேன், இது ஒரு கடையில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. கீழ்த்தட்டில், இருட்டு மூலையில் இருக்கும் பாட்டிலை எடுங்கள். திருகுமூடி கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியதும் கார் பூட்டில் போட்டுவிட்டுப் பசியாறப் போகாதீர்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் எண் காம்போ டி போர்ஹா, அதுவும் அரகோன்தான், 58 வெள்ளி, சித்தி "இருமல் சிரப்" என்றார், நானும் மறுக்கவில்லை, ஆனால் நன்றாகக் குளிரவைத்தால் கோழி வறுவலோடு தாங்குகிறது, 6.5. ஆறாம் எண் சார்டினியா தீவின் கன்னோனாவ், அதே திராட்சைக்கு இத்தாலியப் பேர், 75 வெள்ளி, கொஞ்சம் முரட்டுத்தனம், நண்பருக்கு 9, அவர் மனைவிக்கு 4.

ஏழாம் எண்ணை ஊற்றியதும் மச்சான் கிளாஸைத் தூக்கி விளக்கில் பார்த்து "என்ன அத்தான், பண்டோங் கலக்கிட்டீங்களா?" என்றான். ரோஸ் சிரப்பில் பால் கலந்த பண்டோங் மாதிரி அவ்வளவு வெளிர். ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேல், தனி கிரனாஷ், 79.90. கறுப்பாக இருந்தால்தான் சரக்கு என்று நம்மில் ஒரு எண்ணம் ஊறிக்கிடக்கிறது, இழுத்து ஆற்றும் பால் டீயான தே தாரிக்கிலேயே நிறம் பார்த்துத்தான் கடைக்காரரை எடை போடுகிறோம். மெல்லிய தோல், அதனால் வெளிர் நிறம், சக்தி குறைவு என்று அர்த்தம் இல்லை, இதிலும் 14 விழுக்காடு இருந்தது. 1980-களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசாங்கமே காசு கொடுத்துப் பழைய கொடிகளைப் பிடுங்க வைத்தது, கிரனாஷும் நிறையப் போனது, தப்பிப் பிழைத்த கிழட்டுக் கொடிகளுக்கு இப்போது கிராக்கி. மச்சான் 5 போட்டான், அப்புறம் யாரும் பார்க்காதபோது இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டான். பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் எண்தான் என் மானத்தை வாங்கியது. முதல் சுற்றில் நான் அதற்கு 7.5 போட்டு, "நல்ல கட்டமைப்பு, ஒருவேளை ஆஸ்திரேலியாவின் பரோசா வைனாக இருக்கும்" என்று கூட உளறிவைத்தேன். பேப்பரை அவிழ்த்தால் தீபாவளி வீட்டில் நின்ற அதே காபர்னே, 45 வெள்ளி, மனைவி தன் காசில் வாங்கி, ஆறோடு ஏழாவது பாட்டிலாக நடுவில் நுழைத்தது. அவள் சிரித்த சிரிப்பை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, பிரட்டலோடு அதே பாட்டிலுக்கு ஐந்து பேரும் சேர்ந்து கொடுத்தது 4. குளிரவைத்தும் தேறவில்லை. நான் ஏமாந்தேன், சாப்பாடு ஏமாறவில்லை.

ஐஸ்பெட்டி விஷயம் கேட்டு "சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தானே குடிக்கணும்" என்று கமெண்ட் போட விரல் துடிக்கும். அது எந்த ஊர் அறை? 16, 18 டிகிரி இருக்கிற குளிர்நாட்டு அறை. குளுகோரில் இரவு எட்டு மணிக்கு என் சாப்பாட்டு மேசை 29 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்குப் பின்னால் எங்கேயோ நிற்கும்.

"சமுதாயமே குடியால் கெட்டுக் கிடக்குது, நீ மார்க் போடுறியா" என்று ஒரு அண்ணன் கேட்பார், அது நியாயமான கேள்வி. என் தாத்தா கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கள்ளுக்கடையில் சம்பளத்தில் எவ்வளவு போனது என்பதை என் பாட்டி கடைசிவரை கணக்கோடு சொல்வார். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. குடிக்காதவர் குடிக்க வேண்டாம், நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆறு பேர் நாலு மணி நேரம் சோறு சாப்பிட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பாட்டிலுக்கும் குறைவாகக் குடித்தோம், மிச்சத்தை மூடி வைத்தோம். அடுத்த நாள் பார்த்தால் இரண்டாம் எண் இன்னும் உயிரோடு, ஒன்றாம் எண் ஊறுகாய்க்கும் ஆகாது.

காலையில் சித்தி காலி பாட்டில்களில் நல்லதாக இரண்டைக் கழுவி மணி பிளாண்ட் வைக்க எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கோட் டு ரோன் கடையில் ஆறு பாட்டில்தான் இருந்தது, திங்கட்கிழமையே போய் நாலு எடுத்துவிட்டேன். எந்தக் கடை என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், மிச்சம் இரண்டையும் எடுத்த பிறகு நானே சொல்கிறேன்.