வடக்கு விஸ்கான்சினில் மான் குறைந்ததற்கு ஓநாயை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் எங்கள் மாநிலம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை இங்கே மான்களுக்கான துப்பாக்கி வேட்டை தொடங்கும், ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை மதியமே மேடிசனில் எங்கள் ஆபீஸ் பாதி காலியாகிவிடும். நானும் 2014 முதல் போகிறேன், நான்கு மணி நேரம் வடக்கே ஓட்டினால் வருகிற ஒரு டீர் கேம்ப்புக்கு, அதாவது மான் வேட்டைக் குடிலுக்கு. விறகு அடுப்பு, இரண்டடுக்குக் கட்டில்கள், எட்டுப் பேர், எல்லாரையும்விட மூத்தவர் எழுபதைத் தாண்டியவர், அந்த இடமே அவர் அப்பா வாங்கிய நாற்பது ஏக்கர். "நீயா மான் சுடுகிறாய்?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வரி மட்டும்: இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், இங்கே அரசு லைசென்ஸ் கொடுத்துக் கணக்கு வைத்து நடத்துகிறது, அந்த இறைச்சி பல வீடுகளில் வருடம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும். மற்றதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

2023 தொடக்க நாள் இரவு எட்டுப் பேரும் வெறுங்கையோடு திரும்பியிருந்தோம். நான் விடியலிலிருந்து இருட்டும்வரை மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து பார்த்தது இரண்டு அணில். சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஆரம்பித்து ஐந்து நிமிடத்துக்குள் ஓநாய் வந்துவிட்டது. ஒருவர் தன் டிரெயில் கேமராவில் பதிவான ஐந்து ஓநாய்ப் படங்களை எல்லாருக்கும் காட்டினார். இன்னொருவர் கரடி என்றார், வேறொருவர் குறுக்குவில் சீசனை விரிவாக்கியதிலிருந்து எல்லாம் கெட்டது என்றார், மாநில வனவிலங்குத் துறை பெட்டை மானுக்கு அள்ளி அள்ளி டேக் (சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) கொடுத்துவிட்டது என்பது நான்காவது கட்சி. ஆனால் கடைசியில் எல்லாரும் ஓநாயில்தான் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு ஊர் இதே பேச்சுதான் என்று அப்புறம் தெரிந்தது, ஏனென்றால் அந்த ஒன்பது நாளில் மாநிலம் முழுக்க சுடப்பட்டது சுமார் 1,74,000 மான்கள், அதற்கு முந்தைய வருடத்தைவிட 17 சதவீதத்துக்கு மேல் குறைவு.

அவர்கள் பொய் சொல்லவில்லை. வருடம் முழுக்க அந்தக் காட்டில் நடப்பவர்கள், தடம் பார்த்தே எத்தனை நாள் பழையது என்று சொல்பவர்கள். மான் குறைந்தது உண்மை. காரணத்தில்தான் நான் முரண்படுகிறேன்.

முதலில் கணக்கு. மாநிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஓநாய்கள். ஒரு ஓநாய்க்கு வருடத்துக்கு இருபது மான் என்று வைத்துக்கொள்வோம், துறையே சொல்கிற எண்தான், இருபதாயிரம் ஆகிறது. வில், குறுக்குவில், துப்பாக்கி எல்லாம் சேர்த்து மனிதர்கள் நாம் வருடத்துக்கு எடுப்பது மூன்று லட்சத்தை ஒட்டி. மாநிலத்தில் உள்ள மொத்த மான் பதினாறு லட்சம் அளவில். இதற்கு எங்கள் கேம்ப்பில் கிடைத்த பதில் நியாயமான பதில்: ஓநாய் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவியில்லை, வடக்கில்தான் குவிந்திருக்கிறது, என் நாற்பது ஏக்கரைச் சுற்றி ஒரு கூட்டம் குடியிருந்தால் மாநிலக் கணக்கு எனக்கு எதற்கு? சரிதான். ஓநாய் நடமாடும் இடத்தில் மான் நடமாட்டமும் மாறும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஓநாய் அந்த வருடம் திடீரென்று முளைத்ததில்லையே. ஒரு வருடத்தில் மான் இப்படி விழுந்ததற்கு, அந்த ஒரு வருடத்தில் மாறிய ஏதோ ஒன்றைத்தானே தேட வேண்டும்?

மாறியது குளிர்காலம். இங்கே குளிர்காலத்தின் கடுமையை அளக்க எளிமையான ஒரு முறை உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. ஃபாரன்ஹீட்டில் சுழியத்துக்கு, அதாவது மைனஸ் 18 செல்சியஸுக்கு, இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு புள்ளி. கூட்டினால் 80-ஐத் தாண்டும் குளிர்காலம் கடுமையானது, நூறைத் தாண்டினால் மிகக் கடுமையானது. 2013-14 அப்படிப்பட்டது. நான் முதல் தடவை போன 2014 நவம்பரில் வடக்கின் பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பெட்டை மானுக்கு டேக்கே கிடையாது, எங்கள் கேம்ப்பில் அந்த வருடம் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2022-23 குளிர்காலமும் வடக்கில் கொடுமை, பனி ஏப்ரல் வரை போகவில்லை.

இதில் பலருக்குப் புரியாதது, மான் ஜனவரிக் குளிரில் விழுந்து சாவதில்லை. இலையுதிர் காலத்தில் ஏற்றிய கொழுப்பை வைத்துக்கொண்டு, குறைவாகத் தின்று, குறைவாக நடந்து, ஹெம்லாக் அல்லது சீடார் மரங்கள் அடர்ந்த சதுப்பில் கூட்டமாக ஒதுங்கிக் காலத்தைக் கடத்தும். அந்த மரங்களின் கிளை பனியைத் தாங்கிக்கொள்ளும், அடியில் நடக்கக்கூடிய ஆழத்துக்குத்தான் பனி இருக்கும். வெளியே 18 அங்குலம் என்றால் மானுக்கு வயிறு இடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் சேமிப்பிலிருந்து செலவு. கணக்கு தீர்வது மார்ச் கடைசியில், ஏப்ரலில், பசும்புல் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது. முதலில் போவது போன வருடத்துக் குட்டிகள். வயிற்றில் குட்டியோடு இருக்கும் பெட்டை பிழைத்தாலும் ஜூனில் போடும் குட்டி நோஞ்சானாக இருக்கும், அதைக் கரடி எளிதில் எடுத்துவிடும். (இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டுகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் மானின் வயிறு சுள்ளிக்கும் மொட்டுக்கும் பழகியிருக்கும். திடீரென்று தானியம் போனால் அமிலம் ஏறி, வயிறு நிறைந்தபடியே செத்துக் கிடக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.)

ஆகவே 2023 நவம்பரில் நாங்கள் பார்க்காத அந்த இளம் ஆண்மான்களில் பெரும்பாலானவற்றை ஓநாய் அக்டோபரில் தின்றிருக்கவில்லை. அவை ஏப்ரலிலேயே இல்லை. அடுத்து வந்த 2023-24 குளிர்காலம் விஸ்கான்சினில் பதிவானதிலேயே வெப்பமானது, வடக்கில் பனி மிகக் குறைவு. 2024 நவம்பரில் வடக்கில் வேட்டை எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. எங்கள் கேம்ப்பில் மூன்று மான். ஓநாய் அதே ஆயிரம்தான். வேட்டை நாளின் வானிலையும் எண்ணிக்கையை மாற்றும் என்று தெரியும், ஒரு வருடத்தை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் ஓநாய்க் கட்சிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, குளிர்காலம் வரும் போகும். பத்து வருடம், இருபது வருடமாகவே குறைகிறதே என்று மூத்தவர் கேட்டார். அதற்குப் பதில் அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்தது.

கேம்ப் சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள். 1980-களில் எடுத்த ஒன்றில் குறுக்குக் கம்பத்தில் ஆறு மான் தொங்குகிறது, அவர் மீசையோடு நடுவில் நிற்கிறார். நான் மானைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தேன். இடுப்பளவு ஆஸ்பென் மரக்கன்றுகள், வேலி போட்டதுபோல நெருக்கமாக. இப்போது அதே இடத்தில் நின்றால் ஓங்கி வளர்ந்த மரங்கள், கீழே காய்ந்த இலையைத் தவிர ஒன்றுமில்லை, அறுபது கஜம் தாண்டிப் பார்க்கலாம். மான் வாயெட்டும் உயரத்தில் தின்ன என்ன இருக்கிறது?

வடக்கு விஸ்கான்சின் ஆதியிலிருந்தே மான் காடு கிடையாது. 1800-களின் கடைசியில் பைன் மரங்களை மொத்தமாக வெட்டித் தீர்த்தார்கள், அப்புறம் தீ. அந்தச் சாம்பலில் எழும்பிய இளங்காடுதான் மானுக்குச் சொர்க்கமானது. ஆஸ்பெனை வெட்டினால் வேரிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்று கிளம்பும், பத்துப் பதினைந்து வருடத்துக்கு அது தீவனக் கிடங்கு. காகித ஆலைகள் கூழுக்காக அதை வெட்டிக்கொண்டே இருந்தவரை காடு இளமையாக இருந்தது. 2020 ஜூலையில் விஸ்கான்சின் ராப்பிட்ஸ் நகரில் இருந்த வெர்சோ காகித ஆலை நின்றது, சுமார் தொள்ளாயிரம் பேருக்கு வேலை போனது. கூழ் மரத்துக்குப் பெரிய சந்தை ஒன்று போனதும் சின்ன நிலத்தில் வந்து வெட்ட ஆள் பிடிப்பதே பாடாகிவிட்டது. ஓநாயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எங்கள் மேஜையில் அந்த ஆலையைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று, சொல்லவே வலிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மாநிலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் மான் சுடப்பட்டது, அதுதான் உச்சம், எங்கள் பெரியவர்கள் பொற்காலம் என்று சொல்வது அந்த வருடங்களைத்தான். அந்த வருடங்களில் மிதமிஞ்சியிருந்த மான்கள் ஹெம்லாக், சீடார் கன்றுகளைத் தலைதூக்க விடாமல் கடித்துத் தீர்த்தன. ஆராய்ச்சிக்காக வேலி போட்ட துண்டு நிலங்களுக்குள் கன்று வளர்கிறது, வேலிக்கு வெளியே இல்லை. கடுங்குளிரில் ஒதுங்க இடம் தரும் மரத்தின் அடுத்த தலைமுறையை மானே தின்றுவிட்டது, எண்ணிக்கையைக் குறைக்க விடாமல் நாமும் சண்டை போட்டோம்.

இந்தச் சண்டை புதிதுமில்லை. 1943-இல் மான் பெருகிப் பட்டினியில் சாகிறது, பெட்டையையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று மாநில ஆணையத்தில் இருந்த பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் வாதாடினார். அனுமதித்தார்கள், அந்த வருடம் 1,25,000-க்கும் மேல் மான் விழுந்தது. வேட்டைக்காரர்கள் அதற்கு "நாற்பத்துமூன்றின் குற்றம்" என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மூத்தவரின் அப்பா சாகும்வரை அதைச் சொல்லித் திட்டுவாராம்.

தெற்கே எங்கள் மேடிசன் பக்கம் கதையே வேறு. மான் நிறைய, ஆனால் 2002-இல் மவுன்ட் ஹோரெப் அருகே கண்டுபிடித்த சிடபிள்யூடி (க்ரோனிக் வேஸ்டிங் டிசீஸ்), மானை மெலியவைத்துக் கொல்லும் நோய், ஊடுருவிவிட்டது. பிரியான் என்கிற கெட்ட புரதம், மருந்தும் தடுப்பூசியும் கிடையாது, மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கும். சில பகுதிகளில் வளர்ந்த ஆண்மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோயோடு திரிகிறது. கழுத்துப்பட்டை போட்டுப் பின்தொடர்ந்ததில், நோயுள்ள பெட்டை ஒரு வருடத்தைத் தாண்டும் வாய்ப்பு ஆரோக்கியமான பெட்டைக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் என்று தெரிந்தது. அது வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, எனக்கு உண்மையான பயம் அதில்தான்.

ஓநாயைச் சுட்டால் தீரும் என்றவர்களுக்கு 2021 பிப்ரவரி வாய்ப்பு கிடைத்தது. மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை, 218 ஓநாய்கள். மாநில லைசென்ஸ்காரர்களுக்கு ஒதுக்கியது 119 மட்டுமே. ஓஜிப்வே பழங்குடியினருக்கும் ஒப்பந்த உரிமைப்படி 81 ஒதுக்கியிருந்தார்கள், அவர்கள் ஒன்றைக்கூடச் சுடவில்லை. ஓநாயை அவர்கள் மஹீங்கன் என்பார்கள், அவர்களுக்கு அது சகோதரன். அவர்களும் மானை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலம் தாண்டியவர்கள். எங்கள் மேஜையில் அவர்கள் பெயர் வந்தால் முணுமுணுப்புதான் எழும், அது எனக்குப் பிடிக்கவில்லை, அங்கேயே சொல்லியும் இருக்கிறேன்.

போன நவம்பரில் அந்தப் போட்டோவைக் கீழே இறக்கி மேஜையில் வைத்து, பின்னால் இருக்கும் கன்றுகளைப் பாருங்கள் என்று மூத்தவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அந்த வருடம் அப்பா வெட்டிய இடம், என்றார். அப்புறம் தன் மகனிடம், தென்கிழக்கு மூலையில் நாலு ஏக்கர் வெட்ட ஆள் கிடைப்பானா விசாரி என்றார். ஓநாயைப் பற்றிய கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் கவுண்டி மான் ஆலோசனைக் குழு கூட்டம், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். மரம் வெட்ட ஆள் கிடைத்தாயிற்று, ஆனால் நாலு ஏக்கருக்கு மட்டும் வண்டி கொண்டுவர மாட்டானாம், பக்கத்து நிலக்காரர்களும் சேர வேண்டும். அவர்களும் கூட்டத்துக்கு வருகிறார்கள். போட்டோவை ஃபிரேமோடு எடுத்துப்போக மூத்தவர் சரி சொல்லியிருக்கிறார்.