பணிவு அளவுகோல் குரலை அளப்பதில்லை
ஆளுமையை அளக்கும் ஹெக்சகோ கேள்வித்தாளில் பணிவுக்கு மார்க் உண்டு, டேய் போட்டுக் கத்திப் பேசும் வடசென்னைக்காரர்கள் அதில் தேற மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. உளவியலாளர்கள் ஆஷ்டனும் லீயும் உருவாக்கிய அந்த அளவுகோலில் நேர்மையும் பணிவும் சேர்ந்து ஒரே பண்பு. கள்ளமின்மை, நியாயம், பேராசையின்மை, தன்னடக்கம் என அதற்கு நான்கு கூறுகள். குரலின் சத்தம் எதிலுமே இல்லை.

வியாசர்பாடியில் கேரம் ஆடும் ஒரு அண்ணன், நடுவர் கவனிக்காதபோதும், "டேய், விரல் காயில பட்டுடுச்சுடா, ஃபவுல்!" என்று கத்திக்கொண்டே தன் காயை எதிராளியிடம் நீட்டுவார். அந்தக் கேள்விகள் தேடுவது இந்தக் குணத்தைத்தான்.

அப்புறம், தன்னைப் பற்றித் தானே நிரப்பும் படிவம் மட்டுமல்ல, நன்கு பழகியவர் நிரப்பும் படிவமும் உண்டு. எங்கள் ஆட்களை எடைபோடுவதென்றால், கூட ஆடுபவர்களிடம் அதைக் கொடுங்கள்.